ஏறினவன் எறங்கணும்லா!

வாலே பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. அந்தத் தாளை விரி. அடேயப்பா! போன வருசக் காலண்டருக்குப் பின்பக்கம் இம்புட்டு அழகா ஒரு விண்கலமா? ஒத்தைக் கலம், நட்டமா ஏறுது, பூமியைச் சுத்துது, கொக்கு மாதிரி எறங்குது, எரிபொருள் ஊத்துனா மறுநாளே கெளம்பிருது. டீக்கடைக்குப் போற நம்ம மொபெட்டுக்கே மாசத்துல மூணு நாள் பிளக் அடைச்சுக்கிடுது. உன் கலத்துக்கு அந்த வியாதியெல்லாம் அண்டாது போல.

எனக்கு என்னலே தெரியும்? நாப்பது வருசம் பனை ஏறுன கெழவன். பதனி காலத்துல காலையில ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா மேல போயி கீழ வந்தவன். உங்க பாசையில பாத்தா நானும் மறுபயன்பாட்டு வாகனந்தான்.

ஆனா ஒரு வித்தியாசம். நான் ஏறும்போது குடுவை காலி; எறங்கும்போது நெறஞ்சிருக்கும். ராக்கெட்டு அப்படியே தலைகீழ். பூமியைச் சுத்தணும்னா நொடிக்கு எட்டு கிலோமீட்டர் கிட்ட வேகம் வேணும். அதுக்கு நூறு கிலோவுல தொண்ணூறை எரிபொருளே தின்னுரும். மிச்சம் பத்துக்குள்ளதான் தொட்டி, எஞ்சின், செறகு, சக்கரம் எல்லாம். செறகை நீ இம்புட்டு அகலமா வரைஞ்சுட்டியே, சரக்கை வாயில கவ்விக்கிட்டா போகும்? அமெரிக்காக்காரனும் ஒத்தைக் கலத்துக்கு ஆசைப்பட்டவன்தான். மாதிரிக்குச் செஞ்ச எக்ஸ்-33க்கு 1999-ல சோதனையிலயே தொட்டி பிளந்துபோச்சு. 2001-ல கடையைக் கட்டிட்டான்.

அவன் ஷட்டில் 1981-லேருந்து 2011 வரைக்கும் 135 தடவை போச்சு. அனல் தாங்க ஒட்டுன ஓடு இருபதாயிரத்துக்கு மேல. ரெண்டு வாரத்துல திரும்பக் கெளம்பிரும்னுதான் ஆரம்பத்துல கணக்குப் போட்டான். ஆக விரசாக் கெளம்புனதுக்கே 54 நாள் ஆச்சு. 2003-ல கொலம்பியாங்கிற ஷட்டில் ஏறும்போதே தொட்டியிலேருந்து ஒரு நுரைத்துண்டு பிஞ்சு எடது செறகுல அடிச்சு ஓட்டை போட்டுச்சு. அதைச் சரியாப் பாக்காம விட்டாங்க. எறங்கும்போது அந்த ஓட்டை வழியா அனல் புகுந்து ஏழு உசுரு போச்சு.

காலுல மாட்டுற தளைநாரை இழுத்துப் பாக்காம நான் ஒருநாளும் மரத்துல கால் வச்சதில்ல. வெத்தல மடிக்கிற நேரந்தான் ஆகும். உன் கலத்தை யாரு பாக்கணும், எம்புட்டு நேரமாகும்? தாளை மேல கீழ திருப்பிப் பாத்துட்டேன், அது இல்ல. உன் பேரு மட்டும் மூணு எடத்துல இருக்கு.

நம்ம இஸ்ரோக்காரன் வெவரமானவன். 2023-லயும் 2024-லயும் சித்ரதுர்கா பக்கம் தன் குட்டிக் கலத்தை ஹெலிகாப்டர்ல நாலரை கிலோமீட்டர் தூக்கிட்டுப் போயி விட்டுப் பாத்தான். மூணு தடவையும் அது தானா ஓடுதளம் தேடி எறங்குச்சு. எறங்கப் படிக்கிறதுக்கு ஏறுற செலவு எதுக்குன்னு யோசிச்சிருக்கான் பாத்தியா?

நீயும் அட்டையில ஒண்ணு செய்யி. மொட்டைமாடியிலேருந்து விடு. எறங்குனதும் தடவிப் பாரு, பிஞ்சதை ஒட்டு, எவ்வளவு நேரமாச்சுன்னு நோட்டுல எழுது, மறுபடி விடு. நூறு தடவை விட்டுட்டு வா, அப்புறம் குலசேகரப்பட்டினத்து ராக்கெட் ஏவுதளத்தைப் பத்திப் பேசுவோம். பசைக்குச் சோறு போதும், ஆச்சிகிட்ட கேளு. ஒண்ணு மட்டும் கவனம்லே, அவ வத்தல் காயப்போட்டிருக்கிற பக்கம் எறக்கிராத. கலம் பிஞ்சா ஒட்டிரலாம்; அவ வாய் தொறந்தா நாப்பது வருசமா என்னாலயே மூட முடியல.