மேசையைத் தட்டாதே, ராசா!

வா ராசா, ஜெர்மனி ரிட்டர்ன்! அங்க பாடம் முடிஞ்சா கைதட்ட மாட்டாங்களாம், விரல் முட்டியால மேசையைத் தட்டுவாங்களாமே? அதான் வாத்தியாருக்கு மரியாதையாம்! நம்ம பசங்க தட்டுனா அது கானாப் பாட்டு, முட்டி பேந்துடும். பத்து மணி வகுப்பு பத்தேகாலுக்குத்தான் தொடங்குமாம். இதைக் கத்துக்கவா ஏரோப்ளேன் ஏறின? பெரிய காஞ்சிபுரத்துல எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் ஓசியிலயே கத்துக்கலாமே.

அந்த ஊரு பசங்க வாத்தியாரையே மடக்கிக் கேள்வி கேக்கறாங்கன்னு வாயைப் பொளக்கற பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு வருது. கேள்வி கேக்கறது நமக்கு ஒண்ணும் புதுசில்ல. உனக்கு முன்னாடியே இந்த ஊரை வுட்டுப் போனவன் ஒருத்தன் இருக்கான். தர்மபாலன்னு பேரு, மந்திரி மவன். ராஜா பொண்ணைக் கட்டிவைக்க ஏற்பாடு. கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி மாப்பிள்ளை கம்பி நீட்டிட்டான். புத்த பிக்குவாகி, நாளந்தா பல்கலைக்கழகத்துக்கே தலைவராயிட்டாரு. அவருகிட்ட படிச்சவரு சீலபத்திரர். சீலபத்திரருகிட்ட படிச்சவன் சீனாக்காரன் யுவான் சுவாங். 640 வாக்குல நம்ம ஊர்ப் பக்கம் வந்து, அந்தக் கல்யாண ஓட்டத்தை எழுதி வச்சவனும் அவன்தான். நாளந்தா வாசல்ல காவக்காரனே கேள்வி கேப்பானாம். பத்துல ஏழெட்டுப் பேரு பதில் தெரியாம அப்படியே திரும்பிடுவாங்களாம். உங்க காலேஜ் வாட்ச்மேன் ஐடி கார்டைத்தான் கேக்கறான்.

அதுக்கும் முன்னாடி, நாலாம் நூற்றாண்டுல, மயூரசர்மன் இங்க கடிகைங்கற பாடசாலையில படிக்க வந்தான். பல்லவக் குதிரைக்காரனோட தகராறு. தர்ப்பை புடிச்ச கையால வாளைத் தூக்கினான், கதம்ப ராஜ்ஜியம் கெடச்சுது. தாளகுந்தா கல்வெட்டுல கீது, போய்ப் பாரு. ஆனா நீ தகராறு பண்ணா அரியர்தான் கெடைக்கும்.

அதனால கேள்வி கேளு, வேணாங்கல. நாள் பாத்துக் கேளு. இன்டர்னல் மார்க் போட்டு, அது கம்ப்யூட்டர்ல ஏறினப்புறம் கேளு. அதுவரைக்கும், புரியுதோ இல்லியோ, முதல் பெஞ்சுல உக்காந்து தலையாட்டு.

அடக்க முடியலன்னா நேரா என் தறிக்கு வா. கோர்வைப் புடவைக்கு அந்தப் பக்கக் கரைக்கு நாடா போட ஆளில்லாம கெடக்குது. எங்கிட்ட மார்க்கும் கெடையாது, அட்டெண்டன்ஸும் கெடையாது. கேட்டுக்கினே போடு.