வல்லை வெளியும் ஐந்தாவது அச்சமும்

வாகனத்தை வேகமாக ஓட்டுவது பற்றி உலகம் நிறைய எழுதிவிட்டது. பிடிபடுவோமோ என்று யோசித்துக்கொண்டே வேகமாக ஓட்டுவது பற்றித் தமிழில் ஒழுங்கான ஆராய்ச்சி எதுவும் என் கண்ணில் படவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் தகைமை எனக்கு இருக்கிறது. ஒருமுறை பிடிபட்டவன், பிடிபடாமல் பயந்த தடவைகளுக்குக் கணக்கில்லை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட களம் வல்லை வெளி. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறை வீதியால் கோப்பாய், நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் என்று ஊர்களைக் கடந்து வந்தால் ஓரிடத்தில் வீடுகள் சட்டென்று நின்றுவிடும். மதில் இல்லை, கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. தொண்டைமானாற்று நீரேரியும் வெட்டையும் காற்றுந்தான். சோளகம் பெயர்ந்த காலத்தில் மோட்டார் சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளிப் பார்க்கும். வலிகாமத்துக்காரன் வடமராட்சிக்குள் நுழையும் வாசல் அது. ஊர்மனைக்குள் நாய்க்கும் சைக்கிளுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பிறேக் போட்டுப் போட்டு வந்தவனுக்கு அந்த வெளியைக் கண்டதும் வலது கை தன்பாட்டில் முறுகும். இது மனித இயல்பு. காப்பெட் றோட்டு போட்டபிறகு இயல்பு இன்னும் கொஞ்சம் கூடிவிட்டது.

முதலில் சொல்லாராய்ச்சி. ஆய்வுக்கட்டுரை என்றால் அது இல்லாமல் விடமாட்டார்கள். பத்திரிகை ‘தண்டப்பணம்’ என்று எழுதுவதை நாங்கள் ‘தெண்டம்’ என்போம். தண்டம் என்றால் கோல், படை, தண்டனை, வீண். ஒரே சொல்லுக்குள் பொலிஸ்காரரின் கையிலுள்ளதும், அவரோடு நிற்கும் மற்ற இருவரும், அவர் எழுதுவதும், நாங்கள் கட்டுவதும் அடங்கிவிடுகின்றன. இதைவிடச் சுருக்கமாக எந்தச் சட்டநூலும் சொல்லாது. அதோடு யாழ்ப்பாணத்தில் ‘தெண்டிச்சுப் பார்’ என்றால் முயன்று பார் என்று பொருள். முயற்சிக்கும் அபராதத்துக்கும் ஒரே ஒலியை வைத்திருக்கும் சமூகம் எதை எதிர்பார்த்து வாழ்கிறது என்பதை மொழியியலாளர்கள் விளக்கட்டும்.

இனி அச்சம். தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மெய்ப்பாடுகள் எட்டு என்று கணக்கிட்டு, அவற்றுள் அச்சத்துக்கு நான்கு நிலைக்களன் சொல்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. இந்தப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையோடு 1885-இல் அச்சேற்றிய சி.வை. தாமோதரம்பிள்ளை பிறந்தது மேலே சொன்ன சிறுப்பிட்டியில். அதாவது ஆய்வுக் களத்துக்குப் போகும் அதே றோட்டில். பின்னாளில் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் இருந்தவர் என்பதால், தெண்டம் எழுதும் பக்கத்தின் நியாயமும் அவருக்குத் தெரிந்திருக்கும்.

நான்கையும் வல்லை வெளியில் வைத்துப் பார்த்தேன். அணங்கு உண்டு. வல்லையின் முனியைப் பற்றிச் சொல்லாமல் எங்கள் அப்பாச்சி ஒரு நாளும் நித்திரை கொண்டதில்லை. விலங்கும் உண்டு, கட்டாக்காலி மாடு. கள்வரைப் பற்றி, வெளி இருட்டாகக் கிடந்த காலத்துக் கதைகள் எல்லா வீட்டிலும் இருக்கின்றன. நாலாவதான இறை என்றால் அரசன். வரிக்கும் அதுவே பெயர். காக்கி உடுத்து, கையில் வேகம் அளக்கும் கருவியோடு மரநிழலில் நிற்பது இரண்டும் சேர்ந்த இறை. பட்டியல் பூர்த்தியாகிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். பிடிபட்ட அன்றைக்குத்தான் தொல்காப்பியர் ஒன்றை விட்டுவிட்டார் என்பது விளங்கியது.

தை மாதம். நெல்லியடியில் கலியாணவீடு. மோட்டார் சைக்கிளில் வேட்டி கட்டிக்கொண்டு போகிறவன் வேகமாகப் போவான் என்று எந்தப் பொலிஸும் நினைக்காது என்பது என் எடுகோள். வெளி முடிந்து வீடுகள் தொடங்குகிற இடத்தில், 50 என்ற பலகைக்கு அப்பால், ஒரு வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து கை நீண்டது. எடுகோள் பிழைத்துவிட்டது.

“தம்பி, ஐம்பத்தொன்பது.”

கருவியைத் திருப்பிக் காட்டினார். சிவப்பு இலக்கத்தில் 59.

“சேர், கலியாணவீடு ஒண்டு. கொஞ்சம் அவசரம்…”

“கலியாணம் உங்களுக்கா?”

“இல்லை சேர்.”

“அப்ப மெதுவாப் போகலாந்தானே. லைசன் தாங்க.”

இந்தத் தர்க்கத்துக்கு மறுமொழி எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.

அவர் எழுதிக்கொண்டிருந்தபோது என் நெஞ்சிடிப்பைக் கவனித்தேன். சாதாரணமாகத்தான் இருந்தது. காசு போகப் போகிறது என்று தெரிந்தும் இறைக்கான அச்சம் அவ்வளவு இல்லை. அந்த நேரம் பின்னால் ஒரு ஓட்டோ வந்தது. ஓட்டோவுக்கு வேக வரம்பு 40. அது 40-இல்தான் வந்தது. ஆகவே உள்ளே இருப்பவர் என்னை நிதானமாகப் பார்க்க வேண்டிய நேரம் முழுவதும் கிடைத்தது. பெரியம்மா. தலையை வெளியே நீட்டி, “டேய் தம்பி! பிடிச்சிட்டாங்களோ? மூண்டு பேர் சுத்தி நிக்கிறாங்கள்!” என்று கத்திவிட்டுப் போனார். அப்போதுதான் நெஞ்சு திக்கென்றது. அணங்கு, விலங்கு, கள்வர், இறை ஆகியவற்றோடு சொந்தக்காரர் என்ற ஐந்தாவதையும் சேர்க்கவேண்டும் என்று இங்கே முன்மொழிகிறேன்.

கலியாணவீட்டில் நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே செய்தி பந்தியில் இருந்தது. சோறு போட்டவர், “ஹெல்மெட் இல்லாமல் வந்தனீராம்” என்றார். ஹெல்மெட் என் கையில் இருந்தது. சாம்பார் வந்தபோது லைசன்ஸே இல்லையாம் என்றாகிவிட்டது. பாயாசத்தோடு வந்தவர் குனிந்து, மரியாதையாக, “காலமையே தண்ணியோ?” என்று கேட்டார். இரவு லண்டனிலிருந்து அக்கா எடுத்தா. “கோட்டுக்குப் போறியாம், மறியலிலை போட்டிடுவாங்களோடா?” 1842-இல் இரட்டை நட்சத்திரங்களின் நிறத்தைப் பற்றி எழுதப்போய் டொப்ளர் கண்டுபிடித்த விதிதான், அலை அனுப்பி வேகம் அளக்கும் கருவிகளுக்கு அடிப்படை. ஓசை எழுப்பும் பொருள் நெருங்கினால் ஓசை கீச்சிடும், விலகிப் போனால் தடிக்கும். யாழ்ப்பாணத்துச் செய்திக்கு இது தலைகீழ். விலக விலகத்தான் கீச்சிடும். லண்டன் போய்ச் சேரும்போது காதைப் பொத்த வேண்டும்.

சட்டம் அப்படியொன்றும் கொடுமையானதல்ல. ஊர்மனைக்குள் 50, வெளியே 70. மீறினால் குறைந்தது 3,000 ரூபா. மீறல் கூடக் கூடத் தொகையும் ஏறும். லைசன்ஸை வாங்கிக்கொண்டு ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டே 14 நாளைக்கு லைசன்ஸ். தபால் கந்தோரில் காசைக் கட்டி, பற்றுச்சீட்டைப் பொலிஸ் நிலையத்தில் காட்டினால் லைசன்ஸ் திரும்பிவிடும். 14 நாளில் கட்டாவிட்டால் இரட்டிப்பு. 28 நாளும் கடந்தால் கோடு. இவ்வளவுதான். பிரச்சினை அந்த 14 நாளில் இருக்கிறது. கந்தசஷ்டி விரதம் ஆறு நாள். அதற்கு மேல் இவ்வளவு காலம் தொடர்ச்சியாகப் பயபக்தியோடு இருந்த அனுபவம் எனக்கு இல்லை. முதல் வாரம் 35-ஐத் தாண்டவில்லை. நாலாம் நாள் பேதோவனின் இசையை வாசித்துக்கொண்டு ஒரு பாண் ஓட்டோ என்னை முந்திப் போனது. மடித்து மடித்து அந்தத் துண்டு நடுவில் கிழியத் தொடங்கியது. அதற்குப் பொலித்தீன் உறை போட்டேன். கட்டினால் பத்து நிமிட வேலை என்று தெரிந்தும் பதின்மூன்றாம் நாள்தான் போனேன். தபால் கந்தோரில் தெரிந்தவர்கள் நிற்பார்களே! ஐந்தாவது அச்சம் இரட்டிப்புத் தெண்டத்தின் விளிம்புவரை மனிதனைக் கொண்டுபோகும். லைசன்ஸைத் திருப்பி எடுக்கப் போனபோது அது றப்பர் பட்டி போட்ட ஒரு கட்டுக்குள் இருந்தது. கட்டில் என்னோடு முப்பது, நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். அதைக் கண்டு எனக்கு வந்த ஆறுதலுக்கு மெய்ப்பாட்டியலில் பெயர் தேடினேன். உவகையும் இளிவரலும் அரைக்கரைவாசி.

ஒப்பீட்டுக்காக லண்டனில் இருக்கும் மச்சானை விசாரித்தேன். அங்கேயும் 14 நாள்தானாம்! கமராவில் அகப்பட்டால், வழக்குத் தொடரும் எண்ணத்தைத் தெரிவிக்கும் கடிதம் 14 நாளுக்குள் வந்து சேரவேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். மின்னல் அடித்ததா, சும்மா வெயில் தெறித்ததா என்று தெரியாமல் மச்சான் 14 காலை கதவடியில் விழும் கடிதங்களைப் பொறுக்குகிறார். எங்களுக்குப் பிடிபட்டபிறகு 14 நாள், அவர்களுக்குப் பிடிபட்டோமா என்று அறிய 14 நாள். எது கொடியது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டுமானால் லண்டனுக்கே முதலிடம். ஆனால் அங்கே பெரியம்மா ஓட்டோவில் வருவதில்லை. பின்லாந்தில் வருமானத்தைப் பார்த்துத் தெண்டம் எழுதுவார்கள். நொக்கியா நிறுவனத்து அதிகாரி ஒருவருக்கு 50-இல் 75 ஓடியதற்காக 2002-இல் 1,16,000 யூரோ எழுதி, பிறகு மேன்முறையீட்டில் குறைத்தார்கள். அந்த முறை இங்கே வந்தால், தங்கள் உண்மையான வருமானத்தைச் சொல்ல வேண்டியிருக்குமே என்ற ஒரே காரணத்துக்காக யாழ்ப்பாணத்தார் முழுப்பேரும் 20-இல் ஓடுவார்கள்.

வரலாற்றைச் சுருக்கிச் சொல்கிறேன். 1896 ஜனவரியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் வால்டர் ஆர்னல்ட் என்பவர் மணிக்கு 8 மைல் வேகத்தில் காரில் போக, ஒரு பொலிஸ்காரர் சைக்கிளில் ஐந்து மைல் கலைத்துப் பிடித்தார். வேகத்துக்கான தெண்டம் ஒரு சிலிங். சைக்கிள் என்றதும் எங்கள் ஊர் நினைவு வரும். அப்பாவின் தலைமுறைக்கு வேகம் ஒரு குற்றமாகவே தெரியாது. அவர்களுக்குப் பயம் டபிள் போவதிலும், லைற் இல்லாமல் போவதிலும் இருந்தது. பிடித்தால் வால்வைக் கழற்றிக் காற்றைத் திறந்துவிடுவார்கள், பிறகு உருட்டவேண்டியதுதான். தொண்ணூறுகளில் பெற்றோல் தடைப்பட்டிருந்தபோது மோட்டார் சைக்கிளுக்குச் சில துளி பெற்றோலை ஊட்டி உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். அந்தப் புகைக்குள் வேகம் அளக்க எந்தக் கருவியாலும் முடிந்திராது.

ஆனால் இந்த ஆய்வுக்கு மிக அரிய காலம் 2002 ஏப்ரலில் ஏ9 பாதை திறந்ததிலிருந்து 2006 ஓகஸ்டில் மூடும்வரை உள்ள காலம். ஒரே கண்டி வீதி. முகமாலைக்கு இந்தப் பக்கம் இலங்கைப் பொலிஸ். முகமாலையிலிருந்து ஓமந்தைவரை தமிழீழக் காவல்துறை. அவர்களும் வேகம் அளக்கும் கருவியோடு நின்றார்கள், அவர்களும் தெண்டம் எழுதினார்கள். ஓமந்தைக்கு அங்கால் திரும்பவும் இலங்கைப் பொலிஸ். ஒரே நாளில், ஒரே பாதையில், இரண்டு இறைகளுக்கும் அஞ்சிய சாரதிகள் உலகில் எத்தனை பேர் இருப்பார்கள்? கொழும்பிலிருந்து வவுனியாவரை பறந்து வந்த ஹயஸ் வான் ஓமந்தை தாண்டியதும் மாப்பிள்ளை மாதிரி அடக்கமாக நடந்ததைக் கண்டிருக்கிறேன். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு வந்த சாரதியிடம் என்ன நேர்த்தி என்று கேட்டேன். “வழியிலை ஆரும் நிக்கக்கூடாது எண்டு” என்றார். எந்தத் தரப்பு என்று அவர் பிள்ளையாருக்கும் சொல்லவில்லை.

கடைசியாக லைற் அடித்தல். பொலிஸ் நிற்கும் இடத்தைக் கடந்து வருகிறவர் எதிரே வருகிறவருக்கு இருமுறை லைற் அடித்துக் காட்டுவார். காணிக்கும் வேலிக்கும் கோயில் மண்டகப்படிக்கும் தலைமுறை தலைமுறையாக வழக்குப் பேசும் ஒரு சமூகத்தில், முன்பின் தெரியாத ஒருவருக்காக இன்னொருவர் ஒன்றையும் எதிர்பாராமல் செய்யும் உதவி இது ஒன்றுதான். வல்லைப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பின்னேரம் ஒரு மணித்தியாலம் நின்று பார்த்தேன். கார்காரர் ஓட்டோவுக்கு அடித்தார், ஓட்டோக்காரர் டிப்பருக்கு அடித்தார், டிப்பர் எனக்கே அடித்தது, நான் நின்றுகொண்டிருந்தபோதிலும். லைற் கண்டவர்கள் எல்லாரும் வேகத்தைக் குறைத்தார்கள், சேட்டுப் பொத்தானைச் சரிசெய்தார்கள், ஒருவர் திருநீற்றைக்கூடத் தடவிப் பார்த்தார். வேப்பமரம் கடந்ததும் கை திரும்பவும் முறுகியது. அச்சத்தின் நீளம், நடந்து அளந்தபடி, ஏறக்குறைய 300 மீற்றர்.

இருட்டியபிறகும் நின்றேன். எட்டு மணிக்குப் பொலிஸ் போய்விட்டது. அதன்பிறகு மூன்று மாடுகள் வந்து, பகல் சூடு ஆறாத காப்பெட்டில், நடு றோட்டில் படுத்தன. கறுப்பு மாடுகள். அவற்றைக் கடைசி நேரத்தில் வெட்டி விலத்திக்கொண்டு போன வாகனங்களை எண்ணினேன், பதினொன்று. எதிரே வந்தவருக்கு அவற்றில் ஒன்றாவது லைற் அடிக்கவில்லை. வல்லையால் இரவில் வருகிறவர்களே, மாட்டுக்கும் ஒருக்கால் அடியுங்கோ.