எழும்பூர் மணலும் லங்காஷயர் நூலும்

1789இல் எழும்பூரில், கும்பினிப் பட்டாளத்து வெள்ளைக்காரர்கள் விட்டுப்போன பையன்களுக்கென்று ஓர் அநாதைப் பள்ளி தொடங்கியது. அதை நடத்த வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். ஒரு நாள் திண்ணைப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் விரலால் மணலில் எழுதுவதைப் பார்த்தார். காகிதச் செலவில்லை, மைச் செலவில்லை. ஸ்காட்லாந்துக்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? தன் வாத்தியார்களிடம் சொன்னார், அவர்கள் மசியவில்லை. எட்டு வயசுப் பையன் ஒருவனைப் பிடித்து, சின்னப் பிள்ளைகளுக்கு அவனையே பாடம் நடத்தச் சொன்னார். அவன் நடத்திவிட்டான்.

நம் ஊர்ச் சட்டாம்பிள்ளை இதைப் பிரம்போடு காலங்காலமாகச் செய்துகொண்டுதான் இருந்தான். பெல் ஊருக்குத் திரும்பி, 1797இல் இதையே புத்தகமாகப் போட்டார். அது ‘மெட்ராஸ் முறை’ ஆயிற்று. சட்டாம்பிள்ளைக்கு ராயல்டி போனதாகத் தகவல் இல்லை.

அப்போது இங்கிலாந்தில் ஊருக்கு ஊர் நூல் ஆலை முளைத்துக்கொண்டிருந்தது. ஒரே வாத்தியார் சம்பளத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளைச் சமாளிக்கலாம் என்றதும் கனவான்கள் வாயெல்லாம் பல்லானார்கள். ஜோசப் லங்காஸ்டர் என்பவர் அதே சரக்கை ஆயிரம் பிள்ளைகளுக்கு என்று விற்றார். வாலாட்டிய பையன்களைக் கூடையில் போட்டு உத்தரத்துக்கு இழுத்துத் தொங்கவிட்டார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இரு கோஷ்டிகளும் வருஷக்கணக்கில் அடித்துக்கொண்டன. பெல் மட்டும் தெளிவாக இருந்தார்: ஏழைக்கு வேதம் வாசிக்கத் தெரிந்தால் போதும், எழுத்தும் கணக்கும் எதற்கு?

அந்த வாசிப்பே ஆபத்து என்றார் டேவிஸ் கிடி, எம்.பி. 1807இல் ஊர்தோறும் பள்ளி வைக்க மசோதா வந்தபோது எழுந்து, படித்தால் கூலிக்காரன் தன் பிழைப்பை வெறுப்பான், கலகத் துண்டறிக்கை படிப்பான், பெரிய மனுஷர்களை எதிர்த்துப் பேசுவான் என்றார். மூன்றும் நடந்தன, அது வேறு விஷயம். மரச்சிற்பி மகன் ஹம்ப்ரி டேவியைக் கண்டெடுத்து விஞ்ஞானியாக வளர்த்துவிட்டதும் இதே கிடிதான். ஒருத்தன் படித்தால் பெருமை, ஊரே படித்தால் வம்பு. மசோதாவைப் பிரபுக்கள் சபை கவனித்துக்கொண்டது.

1833இல் அரசுக்கு ஒரு வழியாக மனசு இளகி, பள்ளிக் கட்டடங்களுக்கு 20,000 பவுன் ஒதுக்கியது. அதே வருஷம் அடிமைகளை இழந்து வாடும் எஜமானர்களுக்கு நஷ்டஈடு 2 கோடி பவுன். அடிமைகளுக்கு எவ்வளவு என்று கேட்கக்கூடாது.

அந்த வருஷமே தொழிற்சாலைச் சட்டமும் வந்தது. ஒன்பது வயசு நிரம்பாத பிள்ளை நூல் ஆலைக்குள் நுழையக்கூடாது. அதற்கு மேல் பதின்மூன்று வயசு வரை வேலை செய்கிற பிள்ளைகள் தினம் இரண்டு மணி நேரம் பள்ளிக்கூடம் போயாக வேண்டும், சான்றிதழோடு. நாடு முழுக்கக் கண்காணிக்க நாலே நாலு இன்ஸ்பெக்டர்கள். முதலாளிகள் அசரவில்லை. சில ஆலைகளில் கரிக்கிடங்கே வகுப்பறை, கொதிகலனுக்குக் கரி தள்ளுகிறவரே வாத்தியார். இன்ஸ்பெக்டர் லெனர்ட் ஹார்னர் தேடிப்போய்ப் பார்த்தால், சான்றிதழில் வாத்தியார் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி. பிள்ளை படித்ததாக வாத்தியார் சத்தியம் செய்கிறார். வாத்தியாருக்காக யார் சத்தியம் செய்வது? கடைசியில் 1844ஆம் வருஷத்துச் சட்டத்தில், வாத்தியார் தன் முழுப் பெயரைத் தானே எழுத வேண்டும் என்று விதி போட வேண்டியதாயிற்று.

அதே சட்டம் குறைந்தபட்ச வயசை ஒன்பதிலிருந்து எட்டுக்கு இறக்கியது, அரை நாள் ஆலை, அரை நாள் பள்ளி என்ற ஏற்பாட்டோடு. ஆலையில் நின்ற அலுப்பில் பிள்ளைகள் பெஞ்சில் சாய்ந்து தூங்கினார்கள்.

ஏழைகளுக்கென்றே கட்டிய பள்ளி ஒன்றும் இருந்தது. 1440இல் ஆறாம் ஹென்றி ராஜா, எழுபது ஏழை மாணவர்கள் இலவசமாகப் படிக்கட்டும் என்று நிறுவியது. அதன் பெயர் ஈட்டன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பிரபுக்கள் வீட்டுப் பையன்கள் லத்தீன் படித்து, கிரிக்கெட் ஆடி, மந்திரிகளாகி, ஏழைப் பிள்ளைக்கு எவ்வளவு படிப்பு போதும் என்று சட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அரை நாள் படிப்பை ஒழிக்கும் சட்டம் 1918இல்தான் வந்தது. லங்காஷயரில் அதற்கு முன்புவரை முட்டுக்கட்டை போட்டதில் முதலாளிகளோடு தொழிற்சங்கமும் சேர்த்தி: பிள்ளை சம்பளம் நின்றால் வாடகை யார் கட்டுவது என்று அப்பன்காரன் கேட்டான். நியாயமான கேள்வி. ஈட்டனில் யாரும் பதில் சொல்லவில்லை.