அங்குசத்துக்குக் காசில்லாத ஆனைக்காரரு

வா அப்புனு, இப்புடித் திண்ணைல உக்காரு. லட்ச ரூவாய்க்கு மேல குடுத்து சீமை ஏர் பிஸ்டல் துப்பாக்கி வாங்கியிருக்கயாம், ஊரே பேசுது. நெம்ப சந்தோசம். அதுக்குத் தோதா பூட்ஸு, ஒத்தைக் கண்ணை மறைக்கற கண்ணாடி, உன்ற பேரு பொறிச்ச பொட்டி, எல்லாம் வந்துருச்சு. நாலு ஓ-ரிங்கு, ஒரு டப்பி கிரீஸு, ஒரு செட்டு ஆலன் கீ, இது மட்டும் வரல. கேட்டா, "தேவைப்படறப்போ பாத்துக்கலாம் அப்பாரு"ங்கற. ஆனை வாங்கக் காசு இருந்துச்சு, அங்குசம் வாங்கறப்போத்தான் கையைக் கடிக்குதாக்கும்.

எனக்கு எப்புடித் தெரியும்னு முழிக்காத. பொட்டிக்குள்ள வெச்சு அனுப்புன புஸ்தகத்தை நீ பிரிக்கவே இல்ல. நான் பிரிச்சேன். புரியாததை உன்ற கோச்சுகிட்டயே கேட்டுக்கிட்டேன். நீ கேக்க வேண்டியதையெல்லாம் கெழவன் கேக்கறானேன்னு அந்த மனுசன் காப்பி வாங்கிக் குடுத்தாரு.

உன்ற துப்பாக்கியில மருந்தும் இல்ல, நெருப்பும் இல்ல. எல்லாம் காத்து. சிலிண்டருக்குள்ள 200 பார் அழுத்தத்துல அடைச்ச காத்து. நம்ம காரு டயர்ல இருக்கறது ரெண்டரை பாரைத் தாண்டாது. அத்தனை காத்தையும் புடிச்சு நிறுத்தறது எதுன்னு நெனைக்கற? சீமை எஃகுன்னா? இல்ல சாமி, சுண்டு விரல்லகூட நுழையாத ஒரு ரப்பர் வளையம், அந்த ஓ-ரிங்குதான். அது காஞ்சு வெடிச்சுதுன்னா உன்ற லட்சம் வெறும் கைப்புடி.

ராத்திரி 150-ல நின்ன முள்ளு காலையில 90-ல நிக்குதுன்னு அன்னிக்குக் கத்துனயே, ஞாபகம் இருக்கா? உடனே போனை எடுத்துக் கம்பெனிக்காரனை வைய ஆரம்பிச்சுட்ட. சித்தெ யோசிச்சிருந்தா வீட்லயே கண்டுபுடிச்சிருக்கலாம். சிலிண்டரைக் கழட்டித் தனியா ஒரு ராத்திரி வெய்யி. முள்ளு எறங்குனா குத்தம் சிலிண்டரு வால்வுல. தனியா இருக்கறப்போ எறங்காம, மாட்டுனாத்தான் எறங்குதுன்னா, சிலிண்டரு சேர்ற இடத்து ரிங்கையோ அதுக்கு உள்ள இருக்கற சீலையோ பாக்கோணும். இதுக்கு எஞ்சினீயரு படிப்பு வேண்டாம், ஒரு ராத்திரி பொறுமை போதும். அதுதான் உன்கிட்ட இல்லாத ஸ்பேர் பார்ட்டு.

அப்புறம் நீ பண்ணுன காரியம் இருக்கே! பழைய ரிங்கை எடுக்கறதுக்கு உன்ற அம்மாவோட ஊக்கை வாங்கி நெம்புன. ரிங்கு வந்துருச்சு, சரி. அது உக்கார்ற காடியில ஒரு கீறலு விழுந்துச்சே, அதைப் பாத்தயா? மயிரிழை கீறலு போதும், எத்தனை புது ரிங்கு போட்டாலும் காத்து அந்த வழியாப் போயிட்டேதான் இருக்கும். பல்லு குத்தற மரக்குச்சியில மெதுவா நெம்பியிருந்தா கதை அங்கயே முடிஞ்சிருக்கும். புது ரிங்கும் பம்பு செட்டுக் கடையில அளவு பாத்து வாங்கிட்டு வந்தயாக்கும். அளவு ஒண்ணாத்தான் இருக்கும் கண்ணு, ரப்பரோட கடினம் வேற. தண்ணி தாங்கற ரப்பரு 200 பாரு தாங்கோணும்னு எந்தச் சட்டமும் இல்ல. செஞ்சவன் சொன்ன சாமானை வாங்கு. அது ஆஸ்திரியாவுல இருந்தோ, ஜெர்மனி ஊல்ம்ல இருந்தோ, ஓபர்ண்டார்ஃப்ல இருந்தோ கப்பலும் பிளேனும் ஏறி, கஸ்டம்ஸ்காரங்க கையைத் தாண்டித்தான் வரோணும். அதனாலதான் கெட்டுப்போறதுக்கு முன்னாடியே வாங்கி வெய்யின்னு தொண்டை கிழியக் கத்தறேன்.

எண்ணெய்ச் சங்கதிக்கு வருவோம். எது கீச்சுனாலும் தேங்காண்ணெய் ஊத்தற பழக்கம் நம்ம வீட்ல உண்டு. கதவுக்கு ஊத்து, கட்டிலுக்கு ஊத்து. சிலிண்டரு வாயில மட்டும் ஊத்திடாத. தேங்காண்ணெய்யோ மிசினு எண்ணெய்யோ, நெருக்குன காத்தோட சேந்தா தானாத் தீப்புடிக்கலாம். டீசலு இஞ்சினு ஓடறதே அந்தக் கணக்குலதான். கையில துப்பாக்கிக்குப் பதிலா இஞ்சினு வேணும்னா உன்ற இஷ்டம். சிலிக்கான் கிரீஸுன்னு தனியா விக்கறான், ரிங்கு மேல மினுமினுங்கற அளவுக்குத் தடவுனாப் போதும். இட்லிக்குப் பொடி போடறாப்புல அள்ளி அப்பாத.

காத்து அடைக்கறதுலயும் அவசரம் ஆகாது. மளமளன்னு அடிச்சா சிலிண்டரு சூடாகும், முள்ளு பொய் சொல்லும். ஆறுன பொறவு பாத்தா அழுத்தம் எறங்கியிருக்கும். கைப் பம்புல அடிக்கறவங்க அதுல ஈரத்தை வடிகட்டற பில்டரு இருக்கான்னு பாக்கோணும். மழைக்காலத்துக் காத்து சிலிண்டருக்குள்ள தண்ணியாத் தேங்குனா உள்ளாற துருவோ அரிப்போ வராம இருக்குமா?

குழாய் துடைக்கற விசயத்துல நீ எதிர்க்கோடிக்குப் போயிட்ட. தினமும் தேய்க்கற. மருந்துப் புகையே இல்லாத குழாய்க்கு எதுக்கு இத்தனை மஞ்சக் குளி? ஈயம் லேசா ஒட்டும், அவ்வளவுதான். அப்பப்போ ஃபெல்ட் குண்டைத் தள்ளு, இல்லாட்டி துணி கோத்த கயிறை இழு. ரவை போற திசையிலயே போகோணும். பித்தளை பிரஷை மட்டும் அதுக்குள்ள விட்டயோ, நான் சும்மா இருக்க மாட்டேன்.

ரவைன்னதும் ஞாபகம் வருது. ஒரு ரவை அரைக் கிராம்கூடக் கிடையாது, 4.5 மி.மீ. ஈயம். நீ சுடற அட்டையில பத்தாம் வட்டம் 11.5 மி.மீ., நடுப்பத்து வெறும் 5 மி.மீ. பத்து மீட்டருக்கு அக்கட்டால இருந்து அதைத் தொடோணும். ரவையோட அடிப் பாவாடை கொஞ்சம் நசுங்கியிருந்தாலும் போற வழி மாறும். டப்பாவைக் கீழ போட்டுட்டு, கூட்டி அள்ளி, அதையே சுட்டுட்டு, "இன்னிக்கு லைட்டு சரியில்ல"ங்கறது என்ன நாயம்? தொட்ட கையைக் கழுவாம முறுக்குத் திங்கற வேறயா. அது ஈயம்டா, ரத்தத்துல கலக்கும்.

ட்ரிக்கரு இருக்கே, அது 500 கிராமுக்குக் குறையக்கூடாதுன்னு சர்வதேச சட்டம். எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பாப்பாங்க. ஸ்குரூ தன்னால நெகிழ்ந்து 490-க்கு வந்துட்டா, சுட்டு முடிச்ச பொறவு சோதனை பண்ணிக்கூட வெளிய அனுப்பிடுவாங்க. நீயோ இருக்கற ஸ்குரூவையெல்லாம் ஆவேசமா முறுக்கிட்டுத் திரியற. அலுமினியத்துல மரை கழண்டா மாத்துப் பார்ட்டு வாங்கலாம். உனக்குக் கழண்டா எந்தக் கடையில வாங்கறது?

"துருக்கிக்காரரு யூசுப் டிகெச் பாரிஸ் ஒலிம்பிக்ல பாக்கெட்டுல கையை விட்டுட்டு, சாதாக் கண்ணாடியோட வந்து வெள்ளி வாங்கலயா"ன்னு போட்டோவைக் காட்டாத. பாக்கெட்டுல கை விடறது எல்லாரும் பண்றதுதான், ஒடம்பு ஆடாம இருக்கறதுக்கு. அவரு 2008-ல இருந்து அஞ்சு ஒலிம்பிக் பாத்தவரு. அவரு விட்டது ஒத்தைக் கண்ணை மறைக்கற கண்ணாடியைத்தான், ஓ-ரிங்கை இல்ல.

மனு பாக்கரு கதையை யோசிச்சுப் பாரு. 2021 ஜூலை 25, டோக்கியோ ஒலிம்பிக். அறுவது ரவை, ஒண்ணேகால் மணி நேரம். நடுவுல துப்பாக்கி மக்கர் பண்ணிருச்சு. கால் மணி நேரத்துக்கு மேல போச்சு. கடிகாரம் அந்தப் பொண்ணுக்காக நிக்கல. சரி பண்ணிட்டு வந்து மிச்சத்தை விரட்டி விரட்டிச் சுட்டு 575 எடுத்துச்சு. பன்னெண்டாவது இடம், ரெண்டே புள்ளியில பைனலு போச்சு. நாட்டுலயே பெரிய கோச்சுங்க கூட இருந்தும் இந்தக் கெதி. அந்தப் பொண்ணு மூணு வருசம் கழிச்சுப் பாரிஸ்ல ரெண்டு வெண்கலம் வாங்கிட்டு வந்து பதில் சொல்லுச்சு. நீ தில்லி கர்ணி சிங் ரேஞ்சுல ரிங்கு வெடிச்சு நிக்கறப்போ, பக்கத்துல இருக்கறவங்ககிட்ட "அண்ணா, ஒரு ஓ-ரிங்கு இருக்குதுங்களா"ன்னு கேப்பயா? அவங்க துப்பாக்கி வேற கம்பெனி, அவங்க ரிங்கு உனக்குச் சேராது.

இன்னொண்ணும் சொல்லிப்போடறேன். ஸ்பேரு பொட்டி நெறஞ்சிருந்தா பத்து தன்னால விழும்னு நெனைக்காத. எலக்ட்ரானிக் ட்ரிக்கரு வாங்குன உன்ற சினேகிதன் மாத்து பேட்டரி, முன் சைட்டு தகடு எல்லாத்தையும் அடுக்கி வெச்சிருக்கான். அவன் சுடறதைப் பாத்தா சுவரு பாவம். ஆனா சுவத்துல பட்டதுக்கு அவன் துப்பாக்கியைக் குத்தம் சொல்ல முடியாது பாத்தயா, அந்த ஒரு நாயம் அவன்கிட்ட இருக்கு. உன்கிட்ட அதுவும் இல்ல.

கடைசியா ஒண்ணு. யாரோ பழைய ஆளுகிட்ட அரை வெலைக்கு ரெண்டாவது சிலிண்டரு ஒண்ணு வாங்கி, மகா சாமர்த்தியம் பண்ணுனாப்புல காட்டுனயே, அதை எடுத்துட்டு வா. மேல தேதி பொறிச்சிருப்பான். செஞ்சவன் சொன்ன கெடு தாண்டியிருந்தா, எத்தனை பளபளன்னு இருந்தாலும் அதுல இனிக் காத்து அடைக்கக் கூடாது, மேட்சுலயும் ஒத்துக்க மாட்டாங்க. புதுசுக்கு இன்னிக்கே ஆர்டரு போடு. அப்புடியே ரிங்கு செட்டு ரெண்டும் சேத்துப் போடு, ஒண்ணு பொட்டிக்கு, ஒண்ணு வீட்டுக்கு. காசு பத்தலைன்னா அப்பத்தாகிட்டக் கேளு, என்கிட்டக் கேக்காத.