மைவிக்குப் பாவாடை

வா பேராண்டி, உட்காரு. மைவி காடி வாங்கி இன்னும் நம்பர் பிளேட்டுகூட அழுக்காகல, அதுக்குள்ள முகம் இப்படி வாடிப்போச்சே! சுங்கை பட்டாணியில ஒருத்தன் செராமிக் பூசுங்கிறானா, எதிர்க்கடைக்காரன் பிலிம் ஒட்டுங்கிறானா? சரியான ஆளைத்தான் கேட்க வந்திருக்க. நான் ஓட்டுறது கப்சாய் மோட்டார். அதுமேல இருக்கிற கோட்டிங் நாப்பது வருஷப் புழுதி. உரியவும் இல்ல, மங்கவும் இல்ல.

நான் கித்தா மரம் வெட்டினவன்டா. மழைக்காலத்துல வெட்டின பட்டையில பூஞ்சணம் பிடிக்கக்கூடாதுன்னு மருந்து தடவுவோம். பால் மங்குல மழைத்தண்ணி இறங்கக்கூடாதுன்னு வெட்டுக்கு மேல பிளாஸ்டிக்கைப் பாவாடை மாதிரிச் சுத்திக் கட்டுவோம். மருந்தா பாவாடையான்னு எந்தத் தண்டலும் எங்கிட்ட வந்து நின்னதில்ல. அதுக்கு வேலை வேற, இதுக்கு வேலை வேற.

உன் செராமிக் இருக்கே, அது மருந்து. சிலிக்கா, மணலுக்குச் சொந்தக்காரன். பூசினா ஒன்னு ரெண்டு மைக்ரான் தேறும். உன் தலைமுடியே 70 மைக்ரான் வரும், இருக்கிற வரைக்கும். தண்ணி தாமரை இலைமேல ஓடுற மாதிரி ஓடும், சேறு லேசுல கழுவிப் போயிடும். பிலிம்தான் பாவாடை. பாலியூரித்தேன், 150லருந்து 200 மைக்ரான். வியட்நாம் சண்டையில மணல் பட்டுத் தேயுற ஹெலிகாப்டர் றெக்கைக்கு அமெரிக்கக்காரன் ஒட்டின சரக்கோட வம்சம். லேசான கீறல்னா வெந்நீர் ஊத்தினா மறைஞ்சிடுமாம். உன் பாட்டி ஒருநாள் கோபத்துல என்மேல ஊத்தினா. எனக்கு ஒன்னும் மறையல.

இப்ப நீ தினம் போற வழியச் சொல்லு. மெர்போக்லருந்து பீடோங், முன்னால கல்லு லோரி. கடைக்காரன் '9எச் கடினம்'னு பெருமையாச் சொன்னான் இல்ல? அது பென்சிலால உரசிப் பார்க்கிற கணக்குடா. எந்த லோரியிலருந்தும் பென்சில் பறந்து வந்து நான் பார்த்ததில்ல. கல்லு அடிச்சா செராமிக்கும் சேர்ந்துதான் தெறிக்கும். பிலிம்னா அடியைத் தான் வாங்கிக்கும்.

அதுக்காகக் காடி முழுக்கப் போர்த்தச் சொல்லல. அந்தக் காசுக்கு உன் கல்யாணத்துல பாதியை முடிச்சிடலாம், பொண்ணு கிடைச்சா. பம்பர், பானட்டு முன்பக்கம், பக்கக் கண்ணாடி முதுகு, கதவுப் பிடிக்குள்ள நகம் படுற குழி, இவ்வளவு ஒட்டினாப் போதும். பம்பர் எங்கேயாவது இடிச்சு மறுபெயிண்ட் அடிச்சிருந்தா முன்னாலயே சொல்லிடு. பிலிமை உரிக்கிறப்ப அதுவும் கூடவே கிளம்பி வந்திடலாம்.

மிச்ச உடம்புக்கு ஆசையா இருந்தா செராமிக் பூசிக்கோ. ஆனா பூசுறதுக்கு முன்னால ஒரு மிஷினை எடுத்துப் பாலிஷ் போடுவான் பாரு, அங்க கண்ணை வை. பெயிண்டுக்கு மேல இருக்கிற கிளியர் கோட்டு 40, 50 மைக்ரான்தான், அதைத்தான் அந்த மிஷின் தேய்க்கும். கித்தா மரம் வெட்டுறப்ப பட்டையில ஒரு மில்லிமீட்டர் உள்ள விட்டு வெட்டணும்னு எங்களுக்குச் சொல்லித் தருவாங்க. கத்தி கட்டையில பட்டா மரத்துக்குக் காயம், எனக்குத் தண்டல் வாயால அர்ச்சனை. புதுக்காடியை அழுத்தித் தேய்க்கச் சொல்லி, தேய்ச்சவனுக்கே கூலியும் குடுத்துட்டு வராத.

அஞ்சு வருஷ வாரண்டியா? உன் லோன் ஒம்பது வருஷம்டா! அந்த வாரண்டி அட்டையைத் திருப்பிச் சின்ன எழுத்தைப் படி. இத்தனை மாசத்துக்கு ஒரு தடவை கடைக்கு வந்து காட்டணும்னு போட்டிருப்பான். பெத்த அப்பனைப் பார்க்கவே உனக்கு தீபாவளி வரணும்.

எதைப் பூசினாலும் எல்லாத்தையும் தாங்காதுடா. நம்ம பூஜாங் பள்ளத்தாக்குல பதினோராம் நம்பர் சண்டி, அந்தக் காலத்துக் கோயில், ஆயிரம் வருஷத்துப் பழசு, மழை வெயில் எல்லாத்துக்கும் நின்னுச்சு. 2013ல வீடு கட்ட வந்தவன் மண்வாரி மிஷினுக்கு நிக்கல. அதுக்கெல்லாம் கோட்டிங் இன்னும் வரல, வந்தா எனக்கும் சொல்லு.

என்னடா அப்படிப் பார்க்கிற? சரி, எந்திரிச்சுப் போய் முதல்ல காடியை அந்த ரம்புத்தான் மரத்தடியிலருந்து எடு. மேல ஏழெட்டு மைனா, காலையிலருந்து பழம் தின்னுட்டு உட்கார்ந்திருக்கு.