காசு கட்டி இடம்பெயர்தல்

கிளிநொச்சியில் லொட்ஜில் இருக்கிறவரைப் பற்றிச் சனம் நல்லதாக எதுவும் யோசிப்பதில்லை. காணி விற்க வெளிநாட்டிலிருந்து வந்தவர் என்றால் மன்னிப்பு உண்டு. அரைக்காற்சட்டையையும் கையில் உள்ள தண்ணீர்ப் போத்தலையும் பார்த்தே ஆளை விட்டுவிடுவார்கள். உள்ளூர்க்காரன், அதுவும் பென்சன் எடுக்கிற வயதுக்காரன், மனிசியோடு லொட்ஜில் இருக்கிறான் என்றால்தான் விசாரணை தொடங்கும். மகனோடு கோபமா? காணி வழக்கா? சீட்டுப் பிடித்து ஓடி ஒளிக்கிறானா?

எங்கள் காரணம் அவ்வளவு சுவையானதில்லை. நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டை, சொந்தக்காரரின் தம்பி கனடாவிலிருந்து குடும்பத்தோடு வருகிறார் என்று திருப்பிக் கேட்டுவிட்டார்கள். எங்கள் சொந்த வீடு கனகபுரத்தில் லின்டல் மட்டத்தோடு நின்றது. 2021 கடைசியில் அத்திவாரம் வெட்டும்போது சீமெந்துப் பை ஆயிரத்துச் சொச்சம் ரூபா. அடுத்த வருடம் அது மூவாயிரத்தைத் தொட்டது. பக்கத்துக் காணிக்காரர் இந்திய வீட்டுத்திட்டத்தில் கிடைத்த ஐந்தரை லட்சத்தில் வீட்டையே கட்டி முடித்து, வாசலில் கதிரை போட்டு இருந்துகொண்டு எங்கள் சுவர்கள் வளராமலிருப்பதை மாலை மாலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசனைக் கேட்டால் "வாற மாதம் ஐயா" என்பான். எந்த வருடத்து வாற மாதம் என்று சொன்னதில்லை.

சொந்தக்காரர் இல்லாமலில்லை. திருநகரில் ஒன்றுவிட்ட அக்கா, முள்ளியவளையில் மாமி, வவுனியா குருமன்காட்டில் மனிசியின் தம்பி. எல்லாரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "நாங்கள் இருக்க லொட்ஜிலயோ?" அந்தக் கேள்வியில் பாசம் இருந்தது. ஆனால் நான் கணக்காய்வுக் கிளையிலிருந்து ஓய்வுபெற்றவன். எதைக் கண்டாலும் கூட்டிப் பார்க்கிற வியாதி இன்னும் மாறவில்லை. சொந்தக்காரர் வீட்டில் சும்மா தங்க என்ன செலவாகும் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன்.

முதல் நாள் வெறுங்கையோடு போகேலாது. அப்பிள், முந்திரிகைப்பழம், கேக், பிள்ளைகளுக்குச் சொக்லேற், போகிற வழியில் முறிகண்டி இருந்தால் கச்சான். மூன்றாம் நாள் அவர்கள் வீட்டு காஸ் முடியும். நாங்கள் குசினி வாசலில் நிற்கும்போதுதான் முடியும். மீன்காரன் மணி அடித்தால் அவர்கள் "நீங்கள் எழும்பாதேங்கோ, நீங்கள் எழும்பாதேங்கோ" என்று சொல்லிக்கொண்டு தாங்களும் எழும்பாமல் இருப்பார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்க வேண்டும். அது இலவசம்தான், ஆனால் ஆயுள் குறையும். இதெல்லாம் பரவாயில்லை. இரண்டாம் கிழமை, இரவுச் சாப்பாடு முடிந்து கை கழுவும்போது, மூத்த பெடியன் லீசிங்கில் மோட்டார்சைக்கிள் எடுக்கப்போகிறான் என்ற செய்தி வரும். பிணைக்கு அரச உத்தியோகத்தில் இருந்த ஒருவரின் கையெழுத்து வேண்டுமாம். அந்த ஒரு கையெழுத்தின் விலையில் லொட்ஜில் ஒரு வருடம் இருக்கலாம். கடலைமாவுப் பணியாரமும் தேத்தண்ணியும் தந்துவிட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்கிற ஆண்பிள்ளை வன்னியில் இன்னும் பிறக்கவில்லை.

ஆகவே லொட்ஜ்.

ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, மாடி வைத்த ஒன்று. மனேஜர் இருபத்தைந்து வயதுப் பெடியன். எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு மிகவும் மரியாதையாகக் கேட்டான்: "குறை நினைக்காதேங்கோ ஐயா, சோடியா வாற ஆக்களிட்டக் கலியாணப் பதிவு பாக்கோணும். பொலிஸ் கேக்கிறவை."

எனக்கு முன்பே மனிசி பதில் சொன்னாள். "தம்பி, நான் ஓடி வாறதெண்டால் முப்பது வருசத்துக்கு முன்னமே ஓடி வந்திருப்பன். அப்பவும் கொஞ்சம் வடிவான ஆளாப் பாத்து."

சொல்லிவிட்டுப் பையைத் திறந்தாள். வன்னிச் சனத்திடம் நகை இருக்கோ இல்லையோ, இந்தப் பை இருக்கும். பிறப்பத்தாட்சி, காணி உறுதி, குடும்ப அட்டை, சோதனைப் பெறுபேறு எல்லாவற்றையும் பொலித்தீனில் சுற்றி, எழும்பி ஓடு என்றால் கையில் எடுப்பதற்குத் தயாராக வைத்திருப்போம். எங்கள் கலியாணப் பதிவு 1996இல் கிளிநொச்சி விழுந்தபோது மல்லாவிக்குப் போனது. 2008 கடைசியில் மறுபடி புறப்பட்டுத் தர்மபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை என்று எங்களோடு வந்தது. மாத்தளனில் நீரேரியைக் கடக்கும்போது அவள் அதைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் தாண்டால்கூட அவ்வளவு பதறியிருக்கமாட்டாள். அத்தனை தூரம் வந்த அந்தப் பத்திரத்தை வழியில் ஒருவரும் கேட்டதில்லை. முதன்முதலாகக் கேட்டவன் இந்தப் பெடியன்தான். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான், போனில் ஒரு படம் எடுத்தான், கேட்டான்: "ஏசியோ, நொன் ஏசியோ?"

பிறகு கொப்பி வந்தது. நிரந்தர முகவரி என்ற நிரலில் கனகபுரம் விலாசத்தை எழுதினேன். "அதில வீடு ஒண்டும் இல்லையே ஐயா, நானும் அந்தப் பக்கம்தான்" என்றான். வந்த காரணம் என்ற நிரலுக்கு முன்னால் பேனா நின்றுவிட்டது. லொட்ஜுக் கொப்பியின் அந்த நிரலை எங்கள் ஆட்கள் லேசாக எடுப்பதில்லை. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில், தகுந்த காரணமில்லாமல் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லித் தமிழர் 376 பேரைப் பொலிசார் விடியவே எழுப்பி பஸ்களில் ஏற்றினார்கள். பெரும்பாலானவர்களைக் கொண்டுவந்து இறக்கிய இடம் வவுனியா. வெளிநாட்டு விசாவுக்கும் வைத்தியத்துக்கும் வேலைக்கும் என்று காசு கட்டி அறை எடுத்தவர்கள் அவர்கள். அடுத்த நாளே உயர்நீதிமன்றம் இதை நிறுத்தச் சொல்லி இடைக்காலத் தடை போட்டது. பிரதமர் வருத்தம் தெரிவித்தார். கட்டிய முன்பணத்தைத் திருப்பிக் கேட்க யாருக்கும் நேரம் கிடைத்திருக்காது. நான் காரணம் நிரலில் 'மேசன்' என்று எழுதினேன். பெடியன் ஒன்றும் கேட்கவில்லை. அவன் வீடும் கட்டுப்பட்டுக்கொண்டிருக்கிறதாம்.

சும்மா சொல்லக்கூடாது, நான் இருந்த தற்காலிக இடங்களில் நான் தெரிந்தெடுத்து, பேரம் பேசி, பற்றுச்சீட்டு வாங்கியது இது ஒன்றில்தான். முந்தியதற்கு வாடகை இல்லை, ஆனால் பெயர் பெரியது. போர் முடிய எங்களைக் கொண்டுபோய் வைத்த மெனிக்பாமில் முகாம்களுக்கு இராமநாதன், அருணாசலம், ஆனந்த குமாரசுவாமி என்று பெயர் வைத்திருந்தார்கள். முதல் இரண்டு பேரும் அண்ணன் தம்பி, மூன்றாமவர் அவர்களின் மாமன் மகன். சேர் பட்டம் பெற்ற பெரிய குடும்பம். அந்தக் குடும்பத்தின் பெயரில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆட்களைக் கூடாரத்தில் விருந்தாளிகளாக வைத்து, வாசலில் முள்ளுக்கம்பியும் போட்டிருந்தார்கள். 2012 செப்டெம்பரில்தான் கடைசி ஆட்கள் வெளியே வந்தார்கள். அங்கே வெளியேறும் நேரத்தை எங்களை வைத்திருந்தவர்கள்தான் தீர்மானித்தார்கள். இங்கே பகல் பன்னிரண்டு மணி.

லொட்ஜில் மலிவாக இருக்க விரும்புகிறவர்களுக்குச் சில சங்கதிகள். நாள் வாடகையைக் கேட்கவே கூடாது, "மாதத்துக்கு என்ன?" என்றுதான் வாயைத் திறக்க வேண்டும். கிளிநொச்சியில் யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்களும் கம்பனிப் பெடியங்களும் வெள்ளி பின்னேரம் பஸ் ஏறிவிடுவார்கள். சனி, ஞாயிறு அறைகள் வெறுமையாகக் கிடக்கும். அதைச் சொல்லிக் காட்டினால் மனேஜர் இறங்குவார். மேல்மாடி அறை வேண்டாம். பகல் முழுக்க வெயிலில் காய்ந்த பிளேற் இரவு பத்து மணிக்குத்தான் தன் சூட்டை இறக்கத் தொடங்கும்.

ஏசி பற்றி. நொன் ஏசி வாடகைக்கும் அதே அறைதான் தருவார்கள். ஏசி சுவரில் இருக்கும். ரிமோட் மட்டும் கீழே மனேஜரின் லாச்சியில் பூட்டியிருக்கும். சித்திரை வெயிலில், ஃபான் சுடுகாற்றைச் சுற்றிக்கொண்டிருக்க, அந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது தவம். "சாமிப் படம் மாதிரிக் கும்பிட்டுப்போட்டுப் படுங்கோ, தராட்டியும் இருக்கெண்ட நம்பிக்கை வேணும்" என்றாள் மனிசி.

சாப்பாட்டுக்கு ஒரு சோத்துப் பார்சல் இரண்டு பேருக்குத் தாராளம்; மீன் பொரியல் மட்டும் தனியாக இன்னொரு துண்டு. இரவில் அரை றாத்தல் பாணும் சம்பலும். கேத்திலில் முட்டை அவிக்கலாம். அவிக்கக்கூடாது என்று ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறபடியால் அவிக்கலாம் என்று தெரிந்துகொண்டோம். எங்கள் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புக்குக் கேத்தில் ஒரு மாதத்தில் உள்ளே வெள்ளையடித்துவிடும். வவுனியாவில் இருந்தபோது அம்மாச்சி உணவகம் கைகொடுத்தது. விவசாயத் திணைக்களம் நடத்த இடம் கொடுக்க, பெண்கள் எங்கள் கண்ணுக்கு முன்னால் தோசையும் குரக்கன் புட்டும் இலைக்கஞ்சியும் செய்து தருகிற இடம். மனிசி அங்கே மற்றவர்கள் சமைப்பதைக் கதிரையில் இருந்து பார்ப்பதற்கென்றே வருவாள். முப்பது வருடத்தில் கிடைக்காத காட்சி என்றாள்.

வவுனியாவுக்கு ஏன் போனோம்? ஜூலை பிறந்ததும் பெடியன் வந்து தலையைச் சொறிந்தான். கனடா, லண்டன் ஆட்கள் வருகிறார்களாம், நாள் வாடகைக்கு அறை வேண்டுமாம். வீட்டிலிருந்தும் கனடா கிளப்பியது, லொட்ஜிலிருந்தும் கனடாவே கிளப்பியது. மேசனைப் போனில் மேய்க்கலாம் என்று தெற்கே இறங்கினோம். (முல்லைத்தீவை யோசித்தோம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு மட்டும் அறை கேட்கக்கூடாது, மற்ற நாளில் கடற்காற்றோடு மலிவு. ஆனால் மாமி பக்கத்தில் முள்ளியவளையில் இருக்கிறா.) ஓமந்தை தாண்டும்போது பழைய பழக்கத்தில் கை கடிகாரத்துக்குப் போனது. சமாதான காலத்தில் இந்த இடத்தில் அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ள வேண்டும். கொழும்பு நேரம் வேறு, புலிகளிடமிருந்த வன்னியின் நேரம் வேறு. 2006 ஏப்ரலில் அரசாங்கம் பழைய நேரத்துக்குத் திரும்பி வந்து எங்களோடு சேர்ந்துகொண்டது. இப்போது எல்லாருக்கும் ஒரே நேரம், லொட்ஜ்காரரின் பன்னிரண்டு மணியைத் தவிர.

வவுனியா லொட்ஜுகளுக்கு அனுபவம் அதிகம். 2002க்கு முன் கொழும்புக்குப் போகப் பாஸ் எடுக்க வந்து, பிணை நிற்க ஆள் தேடி, நாள் கணக்கில் காத்துக் கிடந்தவர்களை வைத்துப் பழகிய ஊர். ஆகவே ஒருவரும் எங்களை ஏன் என்று கேட்கவில்லை. ஆகஸ்ட் 15 மடுத் திருவிழா நேரம் மட்டும் வாடகையைக் கொஞ்சம் கூட்டினார்கள். நானும் மாதாவின் பெயரால் கொடுத்தேன்.

சுவிஸிலிருந்து மச்சான் போன் எடுத்துத் துக்கம் விசாரித்தான். அவனுக்கு நபகோவைப் பற்றிச் சொன்னேன். ருஷ்யாவிலிருந்து ஓடி, பேர்லினிலிருந்து ஓடி, பாரிஸிலிருந்து அமெரிக்காவுக்கு ஓடி, கடைசியில் 1961இல் அவன் நாட்டிலேயே, மொன்ட்ரோவில் ஏரிக்கரை ஹோட்டலுக்கு மனிசியோடு வந்து, 1977இல் சாகும்வரை வீடு வாங்காமல் அங்கேயே இருந்த எழுத்தாளர். "அந்தாளுக்குப் புத்தகக் காசு வந்திருக்கும், உனக்குப் பென்சன்தானே" என்றான் மச்சான். உண்மைதான். அவருடைய யன்னலுக்கு ஜெனீவா ஏரி, என்னுடையதற்கு ரயர் கடை.

முதல் இரவு லொட்ஜுக் கட்டிலில் இருந்து அழுதவள் மனிசி. புரட்டாதி பிறக்க, பெட்சீற் மாற்ற ஆள் வருகிறதும், கூட்ட வேண்டாம், முற்றம் பெருக்க வேண்டாம், பின்னேரம் ஒருவரும் சொல்லாமல் வந்து நிற்கமாட்டார்கள் என்பதும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. ஒரு நாள் மேசன் தானாகவே போன் எடுத்தான். கூரை போடலாமாம், தைப்பொங்கலுக்குள் குடிபூரலாமாம். நான் சந்தோசப்படமுன் அவள் போனை வாங்கினாள்.

"தம்பி, அந்த முன்பக்க அறை, விருந்தாளியளுக்கெண்டு போட்டது. அது வேண்டாம். ஹோலோட சேத்துவிடுங்கோ."

"அப்ப வாற சனம் எங்க படுக்கிறது அம்மா?"

"ஊருக்குள்ள எத்தனை லொட்ஜ் இருக்கு. நானே பேசி மாத வாடகைக்கு எடுத்துக் குடுப்பன்."

மேசன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கட்டின சுவரை இடிக்கக் கூலி தனி என்றான்.