பக்கம் திறந்த டீசல் ஊர்தி: போளூர் ஷேர் ஆட்டோ குறித்து ஓர் ஆய்வு

உருவில் சிறியது, டீசலில் ஓடுவது, கூரை திறப்பது என்று மூன்று இலக்கணம் சொல்லி ஒரு கார் கேட்டால், வாகனப் பிரியர்கள் ஸ்மார்ட் ஃபோர்டூவைக் கைகாட்டுவார்கள். மெர்சிடிஸ் வீட்டாரும் ஸ்வாட்ச் கைக்கடிகார வீட்டாரும் சம்பந்தம் பேசி, பிரான்சின் ஹாம்பாக்கில் தொழிற்சாலை வைத்து, 1998-இல் சாலைக்கு அனுப்பிய பிள்ளை அது. நீளம் 2.5 மீட்டர். இருக்கை இரண்டு. டீசல் வகையில் 799 சிசி, மூன்று சிலிண்டர். பொத்தானை அழுத்தினால் துணிக்கூரை சுருளும். முழு வேகத்தில் போகும்போதும் சுருளும். இந்தியாவில் அது முறைப்படி விற்பனைக்கு வராததால் திருவண்ணாமலைப் பக்கத்துப் போளூர்க்காரர்கள் ஒரு பெரும்பேற்றை இழந்தார்கள் என்று யாரேனும் இரங்கக்கூடும். இரங்க வேண்டாம் என்பதே இவ்வாய்வின் துணிபு. மூன்று இலக்கணமும் பொருந்திய ஊர்தி போளூரில் நெடுநாளாக ஓடுகிறது. பேருந்து நிலையத்துக்கு அருகே நிற்கும். ஆள் சேர்ந்தால் கிளம்பும்.

முதலில் குலமும் கோத்திரமும். ஆப்பே என்று ஊர் அழைக்கும் இந்த ஷேர் ஆட்டோ வண்டி இத்தாலியில் பியாஜியோ 1948-இல் செய்தது. வெஸ்பா ஸ்கூட்டரை வடிவமைத்த கொராதினோ தஸ்கானியோதான் இதற்கும் தந்தை. நம் நாட்டில் மகாராஷ்டிரத்தின் பாராமதியில் தயாராகிறது. ஸ்மார்ட்டுக்கும் ஆப்பேக்கும் எஞ்சின் பின்னால், இழுப்பும் பின்சக்கரத்தில். வேறுபாடு சிலிண்டர் எண்ணிக்கையில். ஸ்மார்ட்டின் எஞ்சின் தண்டு இரண்டு சுற்று சுற்றுவதற்குள் மூன்று முறை வெடிப்பு நிகழும். ஆப்பேயின் ஒற்றைச் சிலிண்டரில் அதே இரண்டு சுற்றுக்கு ஒரே வெடிப்பு. நடுவில் உள்ள இடைவெளியை வண்டி நடுங்கி நிரப்பும். பயணியின் தாடை, மடியிலுள்ள தூக்குவாளி, ஓட்டுநர் முன் ஆடும் பிள்ளையார் எல்லாம் ஒரே தாளத்துக்கு வந்துவிடுவது இதனால்தான்.

கியர் விஷயத்திலும் உறவு நெருக்கமானது. ஸ்மார்ட் தானாகக் கியர் மாற்றும்போது ஒரு கணம் தயங்கும். உள்ளே இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். ஐரோப்பாவில் இது பெரும் புகாராக இருந்தது. ஆப்பேயில் இடது கைப்பிடியைத் திருகிக் கியர் மாற்றும்போதும் அதே தயக்கம், அதே குலுக்கல். போளூரில் புகார் எழாததற்குக் காரணம், தலையாட்ட இடமில்லாமை. பர்மிட்டில் எழுதியிருப்பது சட்டம்; "கொஞ்சம் தள்ளி குந்தும்மா, இன்னொருத்தர் வராரு" என்பது நடைமுறை.

இனி மறுப்புரைகள். பிறர் கொள்கையை எடுத்துச் சொல்லிக் களைவதும் எழுவகை மதத்தில் ஒன்று என்று நன்னூலார் வகுத்திருப்பதால் இதைத் தவிர்க்க முடியவில்லை. மகிந்திரா ஜீப்பும் டீசல்தானே, கித்தான் கூரைதானே எனின், ஆம், ஆனால் சிறியதன்று. டாடா நானோ எனின், சிறியதுதான். டீசல் நானோ பேச்சோடு நின்றது. நகரத்துக் காருக்கு இணை சொல்லப் போளூர் ஒரு நகரமா எனின், பௌர்ணமியன்று திருவண்ணாமலை போகும் பேருந்துகளுக்கும் கரும்பு டிராக்டருக்கும் இடையில் ஒருமுறை சாலையைக் கடந்துவிட்டு வந்து கேட்கட்டும். மூன்று சக்கரம் உள்ளது காராகுமா என்பதே வலுவான தடை. கார்ல் பென்ஸ் 1886-இல் காப்புரிமை பெற்ற முதல் மோட்டார் வண்டிக்கு மூன்று சக்கரமே. ஸ்மார்ட்டைப் பெற்ற பென்ஸ் வீட்டில் மூத்த பிள்ளையே முச்சக்கரம் என்க. நாலாவது சக்கரம் பின்னால் வந்த ஆடம்பரம்.

ஆய்வின் உயிர்நிலை கூரையில் இருக்கிறது. ஓர் ஊர்தி எந்தப் பக்கம் திறக்க வேண்டும்? ஐரோப்பியர் தலைக்கு மேல் திறந்து, பக்கங்களைக் கதவாலும் கண்ணாடியாலும் அடைத்தார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. வெயிலைக் கண்டால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிற மக்கள். போளூரில் சூரியனைத் தேடிப் போகும் தேவை யாருக்கும் நேர்ந்ததில்லை. அக்னி நட்சத்திரத்தில் பக்கத்து வேலூர் வட்டாரம் 40 டிகிரி செல்சியஸைச் சாதாரணமாகத் தாண்டும். அப்போது மேல் திறந்த காரில் பேருந்து நிலையத்திலிருந்து ரயில் நிலையம் வரை போவது பயணம் ஆகாது, பஞ்சாக்கினித் தவம். ஆகவே நம்மவர் மேலே ரெக்சினைக் கட்டிப் பக்கங்களை அகலத் திறந்தார்கள். இதற்குப் ‘பக்கத் திறப்புக் கோட்பாடு’ என்று இக்கட்டுரை பெயரிடுகிறது. பயன்கள் பல. உட்கார்ந்தபடியே வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கலாம். எதிர்ப்படும் சம்பந்தியிடம் கல்யாணத் தேதி கேட்கலாம். சம்பத்கிரி மலைமேல் இருக்கும் லட்சுமி நரசிம்மருக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளலாம், கை உள்ளே இருந்து வெளிவருமானால்.

மழைக்கும் ஏற்பாடு உண்டு. ஸ்மார்ட்டில் கூரையை மூடுவது ஒரு மின்மோட்டார். போளூரில் ஓட்டுநர் திரும்பிப் பாராமல், "அந்தப் படுதாவ எறக்கி வுடு நைனா" என்பார். ஓரத்தில் குந்தியிருப்பவரே மோட்டார். பழுதானால் மாற்ற அடுத்த நிறுத்தத்தில் இன்னொருவர் ஏறுவார்.

பட்டுக்கும் இந்தக் கோட்பாட்டுக்கும் தொடர்புண்டு. ஆரணிப் பட்டுக்குப் பேர்போன வட்டாரம் இது. தேவிகாபுரம், ஒண்ணுபுரம் பக்கமெல்லாம் தறிச்சத்தம். தறியிலிருந்து அறுத்த சேலையைத் துணியில் சுற்றிக்கொண்டு ஏறுகிற நெசவாளரைக் கவனியுங்கள். எஞ்சினை ஒட்டிய பின்வரிசை காலியாகவே இருந்தாலும் அங்கே உட்கார மாட்டார். சூடு, புகை, எண்ணெய்ப் பிசுக்கு மூன்றும் அங்கேதான் குடியிருக்கின்றன. குழித்தறியில் நாள்கணக்காக மிதித்து நெய்ததில் ஒரு சொட்டுக் கறை விழுந்தால் கூலியில் கழியும். அவர் ஓட்டுநருக்குப் பக்கத்தில் முக்கால் உடம்பு வெளியே இருக்க உட்கார்வார். சேலை மட்டும் முழுதாக உள்ளே இருக்கும். வண்டியில் முழு இருக்கை கிடைப்பது அந்தச் சேலைக்குத்தான்.

எதிர்க்கட்சியின் இன்றைய நிலையையும் சொல்லிவிட வேண்டும். 2014-இல் வந்த மூன்றாம் தலைமுறை ஃபோர்டூவில் டீசல் எஞ்சினே இல்லை. 2024 மார்ச்சில் ஹாம்பாக்கில் ஃபோர்டூ உற்பத்தியும் நின்றுபோனது. சிறிய, டீசல், திறந்த ஊர்தியில் ஏற ஆசைப்படும் வாசகர்கள் போளூருக்கே வர வேண்டும். இங்கும் பேட்டரி ஆட்டோக்கள் தலைகாட்டத் தொடங்கிவிட்டதால் தள்ளிப்போட வேண்டாம். சில்லறை கொண்டு வாருங்கள். ஓரத்து இடம் கிடைத்தால் முழங்காலை உள்ளே மடக்கிக்கொள்ளுங்கள். எதிரே கரும்பு டிராக்டர் வரும்.